சின்னானுக்குத் திறக்கும் வாசல்

ஒரகடத்தில் எந்த ஆலை வாசலில் நின்றாலும் ஒரே காட்சிதான். கழுத்தில் அட்டை தொங்குகிறவர் உள்ளே போவார். அட்டை இல்லாதவர் செக்யூரிட்டியிடம் பெயர் எழுதிக்கொண்டு நிற்பார். நைட் ஷிப்ட் முடிந்து வீட்டு மொட்டை மாடிக்கு வந்தால், அங்கும் அப்படியொரு வாசல்: மிளகாய்ச் செடி.

பெயிண்ட் வாளிகளில் இரண்டு ரகம் நாற்றுவிட்டு நட்டேன். ஒன்று 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற உருண்டையான ராமநாதபுரம் முண்டு. மற்றொன்று நீளச் சம்பா. மூன்றாவதாக நிற்கும் காந்தாரியை நான் விதைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியோரம் பறவை எச்சம் விழுந்த இடத்தில் தானாக முளைத்தது. கொண்டை வைத்த சின்னான் குருவி தினமும் வந்து உட்காரும் இடம் அது.

முண்டும் சம்பாவும் இலைக்கடியில் தொங்கும். பழுத்தாலும் காம்பை விடாது. பறிக்கும் மனிதக் கைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த குணம் அது. காந்தாரியோ இன்னும் காட்டுச் செடியின் பிள்ளை. வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். பழுத்துச் சிவந்தால் அலகு பட்டதும் கழன்று வரும்.

காரம் விதையில் இல்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்தசையில் சுரக்கிறது. கேப்சைசின் என்ற அந்தக் காரப்பொருள், சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர நம் நரம்பில் உள்ள உணர்வேற்பியைத் தூண்டிவிடுகிறது. தீயே இல்லாமல் வாய் எரிகிறது. 1997-ல் இந்த உணர்வேற்பியை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பறவைக்கும் இதே உணர்வேற்பி உண்டு. ஆனால் கேப்சைசின் வந்து தட்டினால் அது அசைவதில்லை.

ஏன் இந்த ஓரவஞ்சனை? அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த சோதனை ஒன்று 2001-ல் வெளியானது. காரமில்லாத மிளகாயை எலிகளுக்குத் தின்னக் கொடுத்தார்கள். பல்லில் அரைபட்டு வந்த விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பழந்தின்னும் பறவையின் வயிற்றைக் கடந்த விதைகள் முளைத்தன. பல்லுள்ளவனுக்குத் தடை, சிறகுள்ளவனுக்கு வரவேற்பு! கண்ணில்லை, காவலாளி இல்லை. ஒரே ஒரு சாறு ஆள் பார்த்து அனுப்புகிறது. எத்தனை நுட்பமான கணக்கு!

தடுக்கப்பட்ட கூட்டத்தில்தான் நாமும் இருக்கிறோம். ஆனாலும் அமெரிக்கக் கண்டத்துச் செடியைப் போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டுவந்ததும், மிளகு போல் உறைக்கும் காய் என்று பெயரிட்டு அடுக்களைக்குள் சேர்த்துக்கொண்டோம். கண்ணில் நீர் வழிய, மறுபடியும் தொட்டுக்கொள்கிறோம்.

இந்த ஆலைகள் எழுமுன் ஏரிப்பாசன வயல்கள் இருந்த மண் இது. களத்தில் உழைத்தவர்க்கெல்லாம் பங்கு அளந்த பிறகே நெல் வீட்டுக்கு வரும். காந்தாரி பறிக்கும்போது நானும் உச்சிக்கிளைப் பழங்களைத் தொடுவதில்லை. விதைத்தவர் காலையில் வருவார்.