நாற்றூண் உயர்த்தி: வீட்டுக் கொட்டிலுக்கு ஏற்றதைத் தெரியும் முறை

மோட்டார் வண்டி வைத்திருப்போருட் பலர் அதன் அடிப்பாகத்தை ஒருமுறையேனும் நன்கு கண்டவரல்லர். எண்ணெய் கசியத் தொடங்குவதும், பிறேக்குக் குழாய் துருவேறி மெலிவதும், புகைக்குழாய் ஒட்டுவிடுவதும், வில்லுத்தகடு முறிவதும் அங்கேயே நிகழ்கின்றன. அவற்றைக் காண வேண்டுமாயின் ஒன்றில் மனிதன் வண்டிக்குக் கீழே இறங்குதல் வேண்டும். அன்றேல் வண்டி மனிதனுக்கு மேலே ஏறுதல் வேண்டும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் முன்னாளில் வழங்கியது முதலாவது முறை. ஆள் நிற்கத்தக்க ஆழத்துக்குக் கிடங்கு வெட்டிச் சீமெந்து பூசி, இரு கரையிலும் சக்கரங்கள் நிற்குமாறு வண்டியை அதன்மேல் நிறுத்துவர். செலவு குறைந்த முறையே. எனினும் பெற்றோல் ஆவி வளியிலும் பாரமானது. கசிந்த ஆவி கிடங்கினுள்ளே படிந்து தங்கும். அங்கே தீப்பற்ற ஒரு சிறு பொறி போதும். கிடங்கு இல்லாதவர் ஜக்கினால் வண்டியைக் கிளப்பி அதன்கீழ்ப் படுத்துக்கொள்வர். ஜக்கு தூக்குதற்கு அமைந்த கருவியேயன்றித் தாங்குதற்கு அமைந்ததன்று. தாங்கிகளை வையாது அதனை மட்டும் நம்பிக் கீழே சென்று உயிரிழந்தோர் எல்லா நாட்டிலும் உளர்.

இரண்டாவது முறைக்கு வழி திறந்தவர் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரைச் சேர்ந்த பீற்றர் லூனாற்றி என்பார். நாவிதர் கடையிலுள்ள ஏறி இறங்கும் நாற்காலியைக் கண்டே அவருக்கு இக்கருத்துத் தோன்றியது என்பர். 1925 இல் அவர் ஆக்கிய உயர்த்தி நிலத்துள் புதைந்த ஓர் உருளையினின்றும் எழுந்து வண்டியைத் தூக்கியது. அதன் வழிவந்த கருவிகள் நெடுங்காலம் பட்டறைகளுக்கும் பெற்றோல் நிலையங்களுக்குமே உரியனவாயிருந்து, இப்பொழுது வீட்டுக் கொட்டில்களிலும் புகுந்துள்ளன.

இதனை ஒரு விழா மலரில் எழுதுவது ஏன் என வினவக்கூடும். ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் பழைய மாணவருள், இளமையிற் கண்ட மொறிஸ் மைனரையோ ஒஸ்ரினையோ தேடி வாங்கிப் புதுக்கி வைத்திருப்போர் உளர். 1990களில் எரிபொருட் தடை நிலவிய காலத்தில் வடபகுதியில் மண்ணெண்ணெயை உண்டு ஓடிய வண்டிகள் இவ்வினத்தனவே. அவற்றின்மேல் உள்ள பற்று எளிதில் நீங்குவதன்று. ஒன்ராறியோவிலோ மாரிகாலத்தில் வீதிகளில் உப்புத் தூவுவர். பழைய உருக்குக்கு அவ்வுப்பே நஞ்சு. ஆதலின் ஆண்டில் ஐந்து மாதம் அவ்வண்டி கொட்டிலில் உறங்குதல் வேண்டும். நாள்தோறும் ஓடும் வண்டியும் அதே கொட்டிலில் நிற்றல் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்துவதே வழி. இளமை கழிந்து முழங்கால் மடங்க மறுக்கும் பருவத்தில், நின்றுகொண்டே வண்டியின் அடியைப் பார்க்கலாம் என்பதும் சிறு நன்மையன்று.

உயர்த்திகள் பலவகைப்படும். இருதூண் உயர்த்தி நான்கு கைகளால் வண்டியின் சட்டத்தைப் பிடித்துத் தூக்கும். சக்கரங்கள் தொங்குவதால் சில்லு, பிறேக்கு ஆகியவற்றில் வேலை செய்வதற்கு அதுவே சிறந்தது. ஆயின் பாரம் தூண்களுக்கு வெளியே நீண்ட கைகளில் இருப்பதால், தூண் சாயாது நிற்பது நிலத்துட் பதித்த ஆணிகளின் வலிமையைப் பொறுத்தது. நாற்றூண் உயர்த்தியில் வண்டி தன் சக்கரங்களிலேயே இரு தடங்களின்மேல் நிற்கும். பாரம் நான்கு தூண்களுக்கு நடுவே அமையும். நெடுநாள் நிறுத்திவைப்பதற்கும், வீட்டிலே தாமாகவே வேலை பழகுவோருக்கும் இதுவே தக்கது என்பது எம் கருத்து. சக்கரத்தைக் கழற்றுவதற்கு மட்டும் தடங்களுக்கிடையே ஓடும் ஒரு துணை ஜக்கு வேண்டும். அதனையும் உடன் வாங்குதல் நன்று.

இது இயங்கும் விதத்தை அறிந்தாலன்றித் தெரிவு செய்தல் இயலாது. ஒரு தடத்தின் அடியில் எண்ணெய் உருளை ஒன்று படுத்திருக்கும். மின்மோட்டர் எண்ணெயை அதனுட் செலுத்த, முசலக்கோல் உள்ளே இழுபடும். அக்கோலின் முனையிற் கட்டிய நான்கு உருக்கு வடங்கள் கப்பிகளைச் சுற்றி நான்கு தூண்களின் உச்சிக்குச் செல்லும். கோல் எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு உயரத்துக்கு நான்கு மூலைகளும் ஒருங்கே எழும். மாணவர்க்கு ஒரு கணக்கு: வண்டி 1500 கிலோகிராம், தடங்களும் குறுக்கு உத்தரங்களும் 500 கிலோகிராம் எனக் கொள்வோம். தூக்க வேண்டிய விசை ஏறத்தாழ 19,600 நியூற்றன். உருளையின் உள்விட்டம் 7.5 சென்றிமீற்றர், கோலின் விட்டம் 3.5 சென்றிமீற்றர் ஆயின், எண்ணெய் தள்ளும் பரப்பு 34.5 சதுர சென்றிமீற்றர் ஆகும். வேண்டிய அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 56 மடங்கு. உராய்வையுஞ் சேர்த்தால் இன்னுஞ் சிறிது கூடும். உள்ளங்கையளவு பரப்பிற்கும் குறைந்த ஒரு வளையம் இரண்டு தொன்னைத் தூக்குகின்றது; பஸ்காலின் விதியை இதனினும் தெளிவாகக் காட்டும் கருவி அரிது.

விற்பனைத் தாள்கள் முதலிற் பறைசாற்றுவது எத்தனை கிலோகிராம் தூக்கும் என்பதையே. வீட்டுக்கு விற்கப்படுவன பெரும்பாலும் 3200 முதல் 4000 கிலோகிராம் வரை தூக்குவன. மொறிஸ் மைனரின் நிறை 800 கிலோகிராமுக்கும் உட்பட்டது. ஆகவே பெரும்பாலோர்க்கு இவ்வெண் ஒரு பிரச்சினையே அன்று. கையேட்டில் ஓர் அச்சுக்கு எவ்வளவு என்று குறித்திருப்பதை மட்டும் பார்த்துக்கொள்க. இயந்திரம் முன்னே உள்ள வண்டியின் பாரம் நான்கு மூலைகளுக்கும் சமமாகப் பகிரப்படுவதில்லை.

உண்மையான பிரச்சினை கூரை. கீழே நிற்கும் காரின் உயரம் 1.45 மீற்றர். அதன்மேல் இடைவெளி 10 சென்றிமீற்றர். தடத்தின் தடிப்பு 13 சென்றிமீற்றர். மேலே ஏறும் மொறிஸ் மைனர் 1.52 மீற்றர். அதற்கும் கூரைக்கும் இடையே இன்னொரு 10 சென்றிமீற்றர். கூட்டினால் 3.30 மீற்றர் வரும். எதை மேலே வைத்தாலும் இக்கூட்டுத்தொகை மாறாது என்பதைச் சிலர் உணர்வதில்லை. வீட்டுக் கொட்டில்கள் பலவற்றின் உயரம் 2.7 மீற்றரைத் தாண்டாது. மேலும், அளக்க வேண்டியது கூரைப் பலகை வரை அன்று. அங்கே தொங்கும் மிகத் தாழ்ந்த பொருள் வரை. பெரும்பாலும் அது மேலேறித் திறக்கும் கதவின் தண்டவாளம், அல்லது கதவைத் திறக்கும் மோட்டர். தண்டவாளத்தைக் கூரையோடு ஒட்ட உயர்த்தி, மோட்டரைச் சுவரோரத்துக்கு மாற்றுதல் கூடும். அச்செலவை உயர்த்தியின் விலையோடு முதலிலேயே சேர்த்தெண்ணுக.

கூரை 2.7 மீற்றர் மட்டுமே எனில், மைனரை ஏற்றியபின் தடத்தின் கீழே எஞ்சுவது ஒரு மீற்றருக்குஞ் சற்றுக் குறைவு. மற்றொரு வண்டி அங்கே நுழையாது. தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து வேலை செய்யலாம். அதுவே போதுமென்பார்க்கு இக்கருவி பயன்படும். இரண்டு வண்டிகளை அடுக்க எண்ணி வாங்குவார்க்கு வீண் செலவு. அகலத்தையும் மறத்தலாகாது. தூண்களின் வெளியகலம் 2.6 முதல் 2.8 மீற்றர் வரை இருக்கும். கீழே நிற்கும் வண்டியின் கதவு திறக்குமிடத்தில் தூண் வந்து நின்றால், சாரதி உள்ளிருந்தபடியே இருக்க வேண்டியதுதான்!

அடுத்தது நிலம். தயாரிப்பாளர் பலர் 4 அங்குலத் தடிப்பும், சதுர அங்குலத்துக்கு 3000 இறாத்தல் தாங்கும் வலிமையும் உள்ள கொங்கிறீற்றுத் தளத்தைக் கேட்பர். முன் தூண் ஒன்றில் விழும் பாரம் நம் கணக்கின்படி ஏறத்தாழ 650 கிலோகிராம். அது 25 சென்றிமீற்றர்ச் சதுரத் தகட்டிற் பரவும்போது, சதுர சென்றிமீற்றருக்கு ஒரு கிலோகிராமளவே ஆகும். மேற்கூறிய கொங்கிறீற்றோ 210 கிலோகிராம் வரை தாங்கும். எனவே கொங்கிறீற்று நசுங்கிவிடும் என்ற அச்சம் தேவையற்றது. அஞ்ச வேண்டியது அதன் கீழுள்ள மண். நிரப்பிய மண் அமிழ்ந்து தளத்தின் அடியில் வெற்றிடம் உண்டாகியிருப்பின் தளம் வளைந்து பிளக்கும். ஒரு மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டு நடந்தால் பொள்ளலான இடம் ஓசையால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கீழே அறையுள்ள தொங்குதளமாயின், பொறியியலாளர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தரும்வரை இவ்வெண்ணத்தையே விடுக. கொட்டிலின் தளம் நீர் வடிதற்பொருட்டு வாயிலை நோக்கிச் சரிந்திருப்பது வழக்கம். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவாயினும் 4.5 மீற்றர் நீளத்தில் அது 4.5 சென்றிமீற்றர் ஆகும். தூணின் அடியில் உருக்குத் தகடுகளை வைத்து அதனைச் சமன் செய்தல் வேண்டும்.

இனி, உயிரோடு தொடர்புடைய பகுதிக்கு வருவோம். ஒவ்வொரு தூணினுள்ளும் ஏணிபோற் படிகள் அமைந்த உருக்குச் சட்டம் ஒன்று உண்டு. மேடை எழுகையில் குறுக்கு உத்தரத்தின் முனையிலுள்ள பூட்டு ஒவ்வொரு படியையுங் கடந்து 'கடக்' என விழும். வேண்டிய உயரத்தை அடைந்தபின், மேடையைச் சிறிது இறக்கி நான்கு பூட்டுகளிலும் அமரச் செய்தல் வேண்டும். அப்பொழுது பாரம் எண்ணெயிலும் இல்லை, வடத்திலும் இல்லை. உருக்கின்மேல் உருக்காகத் தூண்வழி நிலத்துக்குச் செல்கின்றது. எண்ணெயைக் கொண்டு தூக்குக. எண்ணெயை நம்பித் தாங்கவிடாதீர்.

இதற்கு ஒன்ராறியோவின் குளிரே சான்று தரும். எண்ணெயின் கனவளவு வெப்பநிலை ஒரு பாகை குறையுந்தோறும் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஏழு பங்கு சுருங்கும். 25 பாகையில் 1.8 மீற்றர் உயர்த்திப் பூட்டில் அமர்த்தாது விட்ட மேடை, கொட்டில் −20 பாகைக்குக் குளிரும்போது, ஒரு துளியும் கசியாமலே 5 சென்றிமீற்றருக்கு மேல் இறங்கிவிடும். அடுத்த படியிற் பூட்டு விழுந்து நிறுத்தக்கூடும். ஆயின் அதுவரை மாரிகாலம் முழுவதும் வடங்கள் பாரத்தைச் சுமந்து நின்றன என்பதே பொருள்.

வடம் அறுந்தால்? நல்ல உயர்த்தியில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டாவது கொளுவி ஒன்று இருக்கும். வடம் இறுகியிருக்கும்வரை அது விலகி நிற்கும். வடம் தளர்ந்தவுடன் வில்லின் விசையாற் பாய்ந்து படியைப் பற்றும். வாங்குமுன் இக்கொளுவி உளதா எனக் கேட்டறிக. இல்லாததை எவ்விலைக்கும் வாங்கற்க. பூட்டுகளை விடுவிக்கும் முறையும் பலவாகும். ஒரே நெம்பினால் நான்கையும் விடுவிப்பனவே இப்போது பெருவழக்கு. வசதியானதே; எனினும் நெம்பை அழுத்தியதால் நான்கும் விலகின என்று எண்ணிவிடலாகாது. மூன்று மூலைகள் இறங்க ஒன்று பூட்டிலே தங்கிவிட்டால் மேடை சாயும், வண்டி உருளும். ஆகவே இறக்குமுன் சிறிது உயர்த்திப் பூட்டுகளை விடுவித்து, நான்கு மூலைகளையும் கண்ணாற் கண்டபின்னரே இறக்குதல் வேண்டும். நான்கு மூலைகளும் நின்ற இடத்திலிருந்தே தெரியும்படி கொட்டிலில் வெளிச்சம் இருத்தல் நன்று.

தரத்தை அறிய வட அமெரிக்காவில் ஒரு வழி உண்டு. 1945 இல் நிறுவப்பட்ட மோட்டார் உயர்த்தி நிறுவகம் (ஏ.எல்.ஐ.) வகுத்த முறைப்படி, புறம்பான ஆய்வுசாலை ஒன்று சோதித்துச் சான்றளித்த உயர்த்தியில் பொன்னிற முத்திரை ஒட்டப்பட்டிருக்கும். 'நியமத்துக்கு இணங்க ஆக்கப்பட்டது' என்று தயாரிப்பாளர் தாமே எழுதிக்கொள்வது வேறு. பிறர் சோதித்துச் சான்றளிப்பது வேறு. அம்முத்திரை குறித்த மாதிரிக்கு உரியதா என்பதை நிறுவகத்தின் பட்டியலிலே ஒப்புநோக்குக. பழைய உயர்த்தி மலிவாகக் கிடைக்கிறது என்று அழைப்பார் பலர். கையேடும் முத்திரையும் இல்லாத ஒன்றை, வடங்களைக் கப்பியிலிருந்து கழற்றிப் பாராமல் ஏற்றுக்கொள்ளுதல் தகாது. துருவும் அறுந்த இழையும் கப்பி வளைவிலேதான் மறைந்திருக்கும்.

சிறு செய்திகள் சில எஞ்சியுள்ளன. 110 உவோற்று மோட்டர் மெதுவாகத் தூக்கும். வீட்டுக்கு அது போதும். 220 உவோற்றுக்கெனப் புதிய மின்சுற்று அமைப்பதாயின், ஒன்ராறியோவில் மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தே செய்தல் வேண்டும். மேல்வண்டி சிந்தும் எண்ணெய் கீழ்வண்டியின்மேல் விழாதிருக்கத் தடங்களுக்கிடையே தட்டு வைக்க வேண்டும்; மொறிஸ் மைனர் வைத்திருப்போர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. தூண்களின் அடியில் உப்புநீர் தேங்காது துடைத்து வருக. பொருத்த வருவோர் சென்றுவிடுமுன், வெறும் மேடையை ஒருமுறையும் வண்டியை ஏற்றி ஒருமுறையும் முழு உயரத்துக்கு உயர்த்தி, நான்கு பூட்டிலும் அமர்த்தி, மீண்டும் இறக்கிக் காட்டும்படி கேட்டு, அவர்கள் முன்னிலையிலேயே தாமும் ஒருமுறை இயக்கிப் பார்த்துக்கொள்க.