கடப்பாரையைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

மும்பையின் ஆரேக் காட்டில் தீப்பட்ட சரிவுகளில் குழி வெட்டி மரக்கன்று நடலாமா என்று செம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2018 டிசம்பர் 3 மாலை கோரேகாவ் கிழக்கில் மலை எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும். நல்ல மனசுதான். ஆனால் கடப்பாரை வேண்டாம்.

நம்முடையது இலையுதிர் காடு. தீ பெரும்பாலும் காய்ந்த புல்லிலும் சருகிலும் ஓடும். தேக்குக்கும் புரசுக்கும் தடித்த பட்டை காவல். இளங்கன்று கருகினாலும் வேர்க்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். இதெல்லாம் பலருக்குத் தெரிந்ததே.

என்னை மயக்கியது ஒரு பொடிச் செடி. குளோரோஃபைட்டம் போரிவிலியானம், பெயரிலேயே நம் போரிவிலி. சேவியர் கல்லூரியின் ஸ்பானியப் பாதிரியார் சாந்தாபாவும் பெர்னாண்டசும் 1950களில் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. முதல் மழைக்குப் புல்போல இலை விடும், வெள்ளையாகப் பூக்கும், மழை ஓய்ந்ததும் இலை பழுத்துக் காணாமல் போய்விடும். டிசம்பரில் புல் பற்றும்போது எரிவதற்கு மேலே அதனிடம் ஒன்றுமே இருக்காது! குருத்தும் கொத்துக் கிழங்கும் மண்ணுக்குள். புல்தீ ஓரிடத்தில் நிற்காது, மண்ணும் சூட்டை லேசில் கீழே விடாது. நான் வளர்ந்த தாராவி வீட்டில் மே மாதம் தகரக் கூரையடிப் பரணில் தலை வெந்துவிடும், கீழே தரையில் படுத்தால் முதுகு குளிரும். அப்படித்தான்.

இதற்காகத் தீ நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்துத் தீ அநேகமாக மனிதன் வைத்தது. வருஷா வருஷம் எரிந்தால் மரக்கன்றுகள் ஒருநாளும் மரமாகாது.

தீக்குத் தப்பிய கிழங்கு மண்வெட்டிக்குத் தப்பவில்லை. சபேத் முஸ்லி என்று லேகியக் கடைகளில் வீரிய மருந்தாக விற்பது இதுதான். காடு காடாகத் தோண்டியதில் அருகிவிட்டது. ஆதிவாசிப் பெண்கள் ஃபோட்ஷி என்று சந்தைக்குக் கொண்டுவருவதும் இதே இனத்து இலைதான்; அவர்கள் இலையை மட்டும் அறுக்கிறார்கள், கிழங்கு அடுத்த மழைக்கு மண்ணிலேயே இருக்கிறது. கன்று நட வெட்டும் குழியோ கிழங்கையும் சேர்த்துப் பெயர்த்துவிடும்.

ஆகவே வாசகரே, ஜூன் கடைசி வரை பொறுங்கள். அந்தச் சரிவில் தானாக என்னென்ன முளைக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, மிச்ச வெற்றிடத்துக்குக் கன்று தேடலாம்.