கோணிய பலகையை நேராக்குதல்: இயந்திரம் இல்லாத காலத்து ஓடாவி வேலை இன்றும் ஏன் தேவை?

வடக்கில் மீள்குடியேறிய பல வீடுகளில் கடைசிவரை முடியாமல் கிடந்த வேலை கதவும் ஜன்னலும்தான். இந்திய வீட்டுத்திட்டத்தில் பயனாளிக் குடும்பம் ஒன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கிடைத்தது. வீட்டுக்காரரே பொறுப்பெடுத்துக் கட்டும் திட்டம் அது. அத்திவாரம், சுவர், கூரை என்று காசு கரைந்த பிறகு பலர் கடன்பட்டே வீட்டை முடித்தார்கள். கதவுக்கு முறை வரும்போது தகரமோ படங்கோதான் மிஞ்சியது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் பூட்டக்கூடிய கதவு என்பது அழகுக்கான விடயமல்ல. இரவு நித்திரைக்கான விடயம்.

அதே வளவுகளில் மரம் இல்லாமலும் இல்லை. எறிகணையில் விழுந்த கூரையின் தீராந்திகள், கழற்றி வைத்த பழைய நிலைகள், பட்டுப்போன வேம்பு, புயலில் சாய்ந்த பலா என்று ஏதாவது ஒன்று மூலையில் கிடக்கும். சிக்கல் என்னவென்றால் அவை கோணலாகவும் முறுகியும் கிடக்கின்றன. அந்த மரத்தை நேரான, தட்டையான பலகையாக மாற்ற ஆலை இயந்திரம் கட்டாயமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கட்டாயமில்லை என்பதற்கு எங்களுடைய அண்மைய வரலாறே சாட்சி.

மின்சாரம் இல்லாத ஆண்டுகள்

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதோடு குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு எதுவும் தாராளமாக வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்ததும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும் அந்தத் தலைமுறைக்குத் தெரியும். அந்தக் காலத்திலும் கதவு செய்யப்பட்டது, கட்டில் செய்யப்பட்டது, பள்ளிக்கூட வாங்கும் திருத்தப்பட்டது. ஓடாவிமாரின் கையில் இருந்தவை வாள், வாய்ச்சி, உளி, சீவுளி, நூல் ஆகியவையே. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் வெளியேறியபோதும், கைக்கருவிகளால் பிழைப்பு நடத்தியவர் தன் தொழிலையே சுமந்துகொண்டு போகக்கூடியதாக இருந்தது.

போர் முடிந்த பின்னர்தான் தேசிய மின்வலையமைப்பு மீண்டும் குடாநாட்டை எட்டியது. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரே நாளில் 13 மணிநேரம் மின்சாரம் வெட்டப்பட்டபோது, பழைய கைத்தொழில் எவ்வளவு பெறுமதியானது என்பது மறுபடியும் தெரிந்தது.

பலகை ஏன் கோணுகிறது?

மரம் காயும்போது சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. நீளப்பக்கம் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஓரளவு சுருங்கும். வளையங்களின் போக்கிலே அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். எனவே குற்றியின் பக்கத்திலிருந்து அரிந்த பலகை காயும்போது பட்டைப் பக்கம் குழியும், வைரப் பக்கம் முதுகுபோலப் புடைக்கும். பலகையின் முனையிலுள்ள வளையக் கோடுகளைப் பார்த்தால் எந்தப் பக்கம் குழியும் என்று முன்கூட்டியே சொல்லலாம்.

கோணல் நான்கு வகை. அகலப்பாட்டில் தாழ்வாரம்போலக் குழிவது ஒன்று. நீளப்பாட்டில் வில்போல வளைவது இரண்டாவது. பலகை தட்டையாகவே இருக்க விளிம்பு மட்டும் பக்கவாட்டில் வளைவது மூன்றாவது. ஒரு மூலையைத் தரையில் அழுத்தினால் இன்னொரு மூலை கிளம்புவது நான்காவது. அதுதான் முறுக்கு. முதல் மூன்றும் கண்ணுக்கு உடனே தெரியும். முறுக்கு தெரியாமல் ஒளிந்திருந்து, கதவைப் பூட்டும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

பனை இதிலிருந்து வேறுபட்டது. அதற்கு வளையம் கிடையாது. வெளிப்பக்கம் கறுத்த நாரோடு வைரமாகவும், உட்பக்கம் சோற்றியாகவும் இருக்கும். அதனால் அது சிலாகைக்கும் வளைக்கும் ஏற்றது, அகலப் பலகைக்கு ஏற்றதல்ல. பனை, பலா விடயத்தில் இன்னொன்றும் ஞாபகத்தில் இருக்கட்டும்: பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதி பெறாமல் தறிப்பது சட்டப்படி குற்றம்.

முதலில் காய வேண்டும்

ஈரமரத்தை எவ்வளவு அழகாகச் சீவினாலும் அது மறுபடியும் கோணும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. எங்கள் வெயிலிலும் சோளகக் காற்றிலும் இதைவிட விரைவாகக் காயலாம். ஆனால் நேர்வெயிலில் போட்டால் வெடிக்கும். நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், பலகைகளுக்கு இடையே ஒரே தடிப்பான குறுக்குத் தடிகளை ஒன்றின்மேல் ஒன்று நேராக வரும்படி வைத்து அடுக்க வேண்டும். மேலே பாரம் ஏற்ற வேண்டும். முனைகளில் பழைய பெயின்ற் அல்லது மெழுகு பூசினால் முனைவெடிப்புக் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் சோளகக் காலத்தில் காயவிடுவது நல்லது.

உள்ளே இரும்பு இருக்கிறதா?

போர் நடந்த மண்ணில் இந்தச் சோதனை மற்ற எந்த வேலைக்கும் முன்னர் வரவேண்டும். எறிகணைச் சிதறல்கள் மரத்துக்குள் புதைந்து, மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கும். பழைய ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிப் பலகையின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். இரும்பு இருந்தால் காந்தம் இழுபடும். நீலக் கறுப்புக் கறை இருந்தால் அங்கே இரும்பு துருப்பிடித்திருக்கக்கூடும். ஆனால் ஈயமும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே மூடிய தழும்புகளைக் கண்ணாலும் தேட வேண்டும். சிதறலை உளியால் தோண்டி எடுக்கலாம். முழுதாகவோ உருளையாகவோ சந்தேகத்துக்குரிய பொருள் எதையும் கண்டால் தொடாமல் விலகி, பொலிஸாருக்கு அறிவியுங்கள். பழைய கதவுகளின் பெயின்றில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுவதும், பிள்ளைகளை அப்பால் வைத்திருப்பதும் அவசியம்.

வெட்டுவதா, சீவுவதா?

அனுபவம் இல்லாதவர் முழுப் பலகையையும் நேராக்க முயல்வார். தேர்ந்த ஓடாவி முதலில் துண்டாக்குவார். கணக்கு இதுதான். 8 அடி நீளமும் 25 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட பலகை நடுவில் 16 மில்லிமீற்றர் வளைந்திருக்கிறது என்று வைப்போம். அதை அப்படியே நேராக்கினால் மிஞ்சும் தடிப்பு 9 மில்லிமீற்றர்தான். அதே பலகையை 4 அடித் துண்டுகள் இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் வளைவு 4 மில்லிமீற்றராகக் குறையும். நேராக்கிய பின் 21 மில்லிமீற்றர் மிஞ்சும். நீளம் பாதியானால் வளைவு நாலில் ஒன்றாகிறது. அகலப்பாட்டுக் குழிவுக்கும் இதே கணக்கே பொருந்தும். முறுக்கு மட்டும் நீளத்தோடு பாதியாகவே குறையும். எனவே என்ன செய்யப் போகிறோம் என்று தீர்மானித்து, ஓரங்குலம் மிச்சம்விட்டு வெட்டிய பிறகே சீவுளியை எடுக்க வேண்டும்.

நேரை அளக்கும் கோல்

கடையில் வாங்காமலே நேர்கோல் செய்யலாம். ஒரு சட்டத்தின் விளிம்பை வைத்துப் பலகையில் கோடு கீறுங்கள். சட்டத்தைப் புரட்டி, அதே விளிம்பால் அதே இரு புள்ளிகளுக்கு இடையே மறுபடி கீறுங்கள். இரண்டு கோடும் ஒன்றாக விழுந்தால் விளிம்பு நேர். நடுவில் இடைவெளி தெரிந்தால், அந்த இடைவெளியின் பாதிதான் பிழை.

இரண்டு சட்டங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது போதாது. ஒன்று புடைத்தும் மற்றது குழிந்தும் இருந்தால் அவையும் பொருந்திவிடும். மூன்று சட்டங்கள் எந்தச் சோடியாக வைத்தாலும் பொருந்தினால் மட்டுமே மூன்றும் நேர். ஆங்கிலேயப் பொறியியலாளர் ஜோசப் விற்வேர்த் 1840இல் உலோகத் தட்டைகளுக்கு விளக்கிய முறையின் அடிப்படையும் இதே தர்க்கம்தான்.

முறுக்கைக் கண்டுபிடிக்க ஒரே உயரமான இரண்டு நேர்ச்சட்டங்கள் வேண்டும். ஜன்னல் வேலையில் மிஞ்சிய அலுமினியத் துண்டுகளும் போதும். ஒன்றைப் பலகையின் இந்த முனையிலும் மற்றதை அந்த முனையிலும் குறுக்காக வைத்து, குனிந்து ஒரு கண்ணால் பாருங்கள். இரு சட்டங்களின் மேல்விளிம்புகளும் சமாந்தரமாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை. ஒரு பக்கம் உயர்ந்து தெரிந்தால் உயர்ந்த மூலை அதுவே. சட்டங்கள் பலகையை விட நீளமாக இருந்தால் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும்.

சீவும் ஒழுங்கு

முதல் வேலை கூர். சீவுளி அலகை 25 முதல் 30 பாகைக்குள் தீட்ட வேண்டும். சாணைக்கல் இல்லாவிட்டால் கண்ணாடித் துண்டின்மேல் நுண்ணிய அரத்தாள் ஒட்டித் தீட்டலாம். முரட்டு வேலைக்கான அலகின் வாயை மெல்லிய வளைவாகத் தீட்டினால், மூலைகள் மரத்தில் குத்தாமல் ஆழமாகச் சீவும்.

பலகையைக் குழிந்த பக்கம் மேலே வரும்படி மேசையில் வைத்து, ஆடாதவாறு கீழே ஆப்புகள் செருகுங்கள். இது முக்கியம். ஆடும் பலகையைக் கையால் அழுத்திச் சீவினால், கையை எடுத்ததும் கோணல் திரும்பி வரும். முன்பக்கம் ஒரு மெல்லிய சட்டத்தை ஆணியால் அடித்தால் தடுப்பாயிற்று. அதன் உயரம் பலகையை விடக் குறைவாக இருக்கட்டும்.

உயர்ந்த இடங்களை மட்டும் கரிக்கட்டியால் அடையாளமிட்டு, நாருக்குக் குறுக்காகச் சீவத் தொடங்குங்கள். குறுக்காகச் சீவும்போது மரம் விரைவாகக் குறையும், ஆழமாகப் பிய்யாது. அப்பால் விளிம்பு சிதறாமலிருக்க அதை முன்னரே சற்றுச் சரித்துச் சீவிவிடலாம். முறுக்கு இருந்தால் உயர்ந்த இரு எதிர்மூலைகளிலும் பங்கிட்டுக் குறைக்க வேண்டும். முழுவதையும் ஒரே மூலையில் எடுத்தால் அந்த மூலை மெலிந்துவிடும். பிறகு இரு மூலைவிட்டத் திசைகளிலும் சீவுங்கள். கடைசியில் நீளமான சீவுளியால் நார்ப்போக்கில் சீவினால் மேடுகள் மறையும். நேர்கோலை நீளமாக, குறுக்காக, மூலைக்கு மூலையாக வைத்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தால் முதல் முகம் முடிந்தது.

அடுத்தது விளிம்பு. அதை முதல் முகத்துக்கு மூலைமட்டம் வைத்துச் சீவ வேண்டும். இரண்டு பலகைகளை அருகருகே ஒட்டுவதானால், அவற்றைப் புத்தகம் மூடுவதுபோல முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து இரு விளிம்புகளையும் ஒன்றாகச் சீவுங்கள். சீவுளி சற்றுச் சரிந்தாலும், விரித்து வைக்கும்போது ஒன்றின் பிழையை மற்றது ஈடுசெய்யும்.

பின்னர் தட்டையான முகத்திலிருந்து தேவையான தடிப்பை அளந்து, நான்கு விளிம்பிலும் கோடு கீறி, மறுபக்கத்தை அந்தக் கோடுவரை சீவ வேண்டும். இரு பக்கத்திலும் ஏறத்தாழ சம அளவு மரம் எடுபட்டால் பலகை பிறகு கோணுவது குறையும். கோட்டுக்கு ஒரிரு மில்லிமீற்றர் மேலே நிறுத்தி, பலகையைச் சில நாட்கள் காற்றுப்பட நிமிர்த்தி வைத்து, பிறகு கடைசிச் சீவலை எடுப்பது பாதுகாப்பானது. சீமெந்து நிலத்தில் படுக்கப்போட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து, செய்த வேலை வீணாகும்.

மரக்காலைக்குக் கொடுப்பவர்களுக்கு

மரக்காலையில் காசு கொடுத்துச் சீவியும் கதவு முறுகுகிறது என்ற குறைக்கு ஒரு காரணம் உண்டு. தடிப்புச் சீவும் இயந்திரம் பலகையை நேராக்குவதில்லை. அதன் உருளைகள் வளைந்த பலகையை அழுத்தித் தட்டையாக்கி உள்ளே இழுக்கும். மேல்பக்கம் சீவுப்படும். வெளியே வந்ததும் பலகை பழையபடி வளையும். கிடைப்பது ஒரே தடிப்பான, ஆனால் வளைந்த பலகை.

இதற்கு வழி, ஒரு முகத்தையாவது கையால் முதலில் தட்டையாக்கிக் கொண்டுபோய், அந்த முகம் கீழே வரும்படி இயந்திரத்தில் விடச் சொல்வது. அல்லது தட்டையான ஒட்டுப்பலகை ஒன்றின்மேல் கோணிய பலகையை வைத்து, இடைவெளிகளில் ஆப்புச் செருகி, அசையாமல் பொருத்தி, இரண்டையும் சேர்த்தே விடலாம். முதல் முகம் மினுங்கத் தேவையில்லை. ஆடாமல் படிந்தால் போதும். பாதி உழைப்புக் கையாலும் பாதி இயந்திரத்தாலும் நடந்தால் செலவும் குறையும், வேலையும் சரியாக வரும்.

என்ன மிஞ்சுகிறது?

கைச்சீவுளியால் ஒரு கதவுக்கான பலகைகளைத் தட்டையாக்க நாட்கணக்கு ஆகலாம். கூலி கொடுத்துச் செய்விப்பவருக்கு அது கட்டுப்படியாகாமல் போகும். ஆனால் காசு இல்லாமல் நேரமும் பழைய மரமும் மட்டுமே உள்ள குடும்பத்துக்குக் கணக்கு வேறு. போருக்கு முந்திய வீடுகளின் முதிரையும் பாலையும் தேக்கும் இன்று புதிதாக வாங்க முடியாத விலை. அவை பல தசாப்தங்களாகக் காய்ந்தவை, இனிப் பெரிதாகச் சுருங்காதவை. விறகுக்குப் போகும் முன் காந்தத்தால் ஒருமுறையும் இரட்டைச் சட்டத்தால் ஒருமுறையும் அவற்றைப் பார்ப்பது நல்லது. வீட்டைத் திருப்பிக் கட்ட முடியாவிட்டாலும், அந்த வீட்டின் தீராந்தி புதிய வீட்டின் கதவாக நிற்கலாம்.