நெஞ்செரிச்சலை வாய்வு என்று விட்டுவிடாதீர்கள்

“வாய்வுதான், ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும்.” ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரானாலும் சென்னையானாலும் நெஞ்சு கரித்தால் வீட்டில் சொல்வது இதுதான். விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் என்றோ ஒருநாள் வரும் எரிச்சலுக்கு அது போதும். வாரத்தில் இரண்டு நாளாவது, மாதக்கணக்கில் எரிந்தால் போதாது.

உள்ளே என்ன நடக்கிறது?

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அதன் அடியிலுள்ள தசை வளையம், சோறு இறங்கியதும் சுருக்குப்பையின் வாய்போல இறுகிக்கொள்ள வேண்டும். அது தளர்ந்தால் இரைப்பை அமிலம் மேலேறும். அதைத் தாங்கும் வலு உணவுக்குழாய்க்கு இல்லை, புண்ணாகும். புண் ஆறித் தழும்பேறினால் குழாய் சுருங்கும். முதலில் சாமைச் சோறும் களியும் நெஞ்சில் நிற்கும். பிறகு கஞ்சிகூட இறங்காது.

சிலருக்கு உட்சுவரின் செல்கள் குடல் செல்கள்போல மாறிவிடும். இதற்கு ‘பேரட் உணவுக்குழாய்’ என்று பெயர். இவர்களிலும் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே புற்றுநோய் வருகிறது. பயம் வேண்டாம், கண்காணிப்பு வேண்டும். நம் நாட்டில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குப் பெருங்காரணம் புகையிலையும் மதுவும்தான்.

எப்போது ஓட வேண்டும்?

விழுங்கச் சிரமம், விழுங்கும்போது வலி, காரணமில்லாத எடைக்குறைவு, ரத்த வாந்தி, தார்போல் கருத்த மலம் இருந்தால் தாமதிக்காதீர்கள். நெஞ்சுவலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

என்ன செய்யலாம்?

படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து அரையடி உயர்த்துங்கள். பீடி, மதுவை விடுங்கள். உடல்வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகள் பல புண்ணை மோசமாக்கும். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளை எரியும்போது போட்டால் முழுப்பலன் இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு, மருத்துவர் சொன்ன நாள்வரை போட வேண்டும். சுருங்கிய உணவுக்குழாயை எண்டோஸ்கோபி (வாய்வழியே கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) வழியே பலூன் வைத்து விரிக்கலாம்.

உங்கள் உரிமை

முதலில் பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எண்டோஸ்கோபி தேவையென்றால் பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்கி, திருவண்ணாமலை அல்லது வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். என்ன சோதனை, எதற்கு என்று கேட்டறிந்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. விவரங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.

மலையிறங்கிப் போனால் ஒருநாள் கூலி போகும் என்பது உண்மைதான். சோறு இறங்காத நிலை வந்தபின் போனால் செலவும் அலைச்சலும் பலமடங்கு. எரிச்சலோடு நிற்கும்போதே காட்டிவிடுங்கள்.