'பிப்' முடிவு தாமதமாகிறதா? காத்திருக்கும் காலத்தில் கவனிக்க வேண்டியவை

பக்கவாதம், மூட்டுவாதம், மனவழுத்தம் போன்றவற்றால் அன்றாட வேலைகளைச் செய்ய இயலாமற்போன எம்மவர் பலர், 'பிப்' கொடுப்பனவுக்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். 2013 இல் அறிமுகமான இக்கொடுப்பனவுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16 வயது முதல் அரச ஓய்வூதிய வயது வரையுள்ளோர் விண்ணப்பிக்கலாம். வருமானமோ சேமிப்போ இதற்குத் தடையல்ல.

முதலில் ஓர் ஆறுதலான விடயம். தகுதி உண்டெனத் தீர்மானிக்கப்பட்டால், பொதுவாக நாம் தொலைபேசியில் விண்ணப்பத்தை ஆரம்பித்த நாளிலிருந்தே நிலுவை கணக்கிட்டுத் தரப்படும். ஆகவே வைத்தியரின் கடிதம் வரட்டும் என்று பொறுத்திருக்க வேண்டாம். முதலில் அழைத்து, அழைத்த திகதியைக் குறித்து வையுங்கள். பின்னர் வரும் படிவத்தைக் குறிப்பிட்ட தவணைக்குள், வழமையாக ஒரு மாதத்துக்குள், அனுப்ப வேண்டும். நேரம் போதாவிட்டால் தவணை முடியுமுன் அழைத்துக் கேளுங்கள். படிவத்தின் பிரதியொன்றைக் கட்டாயம் வைத்திருங்கள்.

காத்திருக்கும் நாட்களில் சிறு நாட்குறிப்பு எழுதுங்கள். குளிக்க எவ்வளவு நேரம் எடுத்தது, எங்கே விழுந்தீர்கள், யார் உதவினார்கள் என்பவை போதும். நோயின் பெயரை விட, அது அன்றாட வாழ்வை எப்படிப் பாதிக்கிறது என்பதையே மதிப்பீட்டில் பார்க்கிறார்கள்.

எம்மவர் பலர் அங்கே "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். மரியாதைக்குச் சொல்லும் அந்த வார்த்தையே விண்ணப்பத்துக்குப் பாதகமாகலாம். உடுப்பு மாற்ற மகள் உதவுகிறாள் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.

வேலை செய்ய முடியாவிட்டால் 'யுனிவர்சல் கிரெடிட்', வருமானம் குறைவென்றால் கவுன்சில் வரிக் குறைப்பு ஆகியவற்றுக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். பிப் முடிவு வரும்வரை இவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். 12 மாதங்களுக்குள் உயிராபத்து எனக் கருதப்படும் நோயாளருக்கு விரைவு வழி உண்டு. அதைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் மனந்தளர வேண்டாம். ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேட்கலாம். அதுவும் மறுக்கப்பட்டால், கட்டணமின்றி நியாயசபைக்கு மேன்முறையீடு செய்யலாம். 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' நிலையங்களில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

காத்திருப்பும் உடலை வருத்தும். நித்திரை குலைந்தால், மனம் சோர்ந்தால் உங்கள் ஜீ.பீ.யிடம் சொல்லுங்கள். பணத்தை மிச்சம் பிடிக்க மருந்தையோ சாப்பாட்டையோ குறைக்காதீர்கள். இது யாரிடமும் கையேந்துவதல்ல. சட்டம் தரும் உரிமை.