பழைய பக்கத்தை எப்போது எறிவது?

சிற்றிதழ்கள், சின்னப் பதிப்பகங்கள், ஒன்றிரண்டு பள்ளிக்கூடங்கள் என்று சிலருடைய இணையதளங்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. "தளம் ரொம்ப ஸ்லோவா இருக்குங்க, என்னன்னு பாருங்க" என்று யாராவது கூப்பிட்டால், அந்தத் தளத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, 'வியூ பேஜ் சோர்ஸ்' கொடுத்து, அடிவரைக்கும் போய்ப் பார்ப்பேன். வேர்ட்பிரஸில் 'சூப்பர் கேஷ்' பிளகினைப் போட்டு, குறிப்பெழுதும் வசதியையும் இயக்கியிருந்தால், அங்கே வாசகர் கண்ணில் படாத இரண்டு வரிகள் இருக்கும். இந்தப் பக்கத்தைத் தயாரிக்க இத்தனை விநாடி ஆனது என்று ஒன்று. அதன் பிரதியை இந்தத் தேதியில், இந்த நேரத்தில் எடுத்துவைத்தோம் என்று இன்னொன்று. ரிஃப்ரெஷ் செய்து பார்ப்பேன். நேரம் மாறாமல் நின்றால் கேஷ், அதாவது எடுத்துவைத்த பிரதி, வேலை செய்கிறது. தடவைக்குத் தடவை மாறினால், யார் வந்தாலும் சர்வர் அதே பக்கத்தை முதலிலிருந்து தயாரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தத் தயாரிப்பு சாமானிய வேலை இல்லை. ஒருவர் கட்டுரையின் தலைப்பைத் தொட்டதும் பி.ஹெச்.பி. விழித்துக்கொள்கிறது, வேர்ட்பிரஸையும், போட்டுவைத்திருக்கிற பிளகின்களையும், 'தீம்' என்ற வடிவமைப்பையும் ஏற்றுகிறது. பிறகு டேட்டாபேஸிடம் கேள்விகள் போகின்றன: தளத்தின் பெயர் என்ன, கட்டுரை எது, எழுதியவர் யார், எந்தப் பிரிவு, மெனுவில் என்னென்ன, பக்கவாட்டில் காட்டவேண்டிய புதிய கட்டுரைகள் எவை. இப்படிப் பல பத்துக் கேள்விகள். பதில்களை எல்லாம் கோத்து ஒரு எச்.டி.எம்.எல். பக்கமாக்கி அனுப்பிவிட்டு, செய்த அத்தனையையும் மறந்துவிடுகிறது. அடுத்த விநாடி வேறொருவர் அதே கட்டுரைக்கு வந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு வாசகருக்கும் புதிதாக அச்சுக்கோத்து ஒரே ஒரு பிரதி அடித்துத் தரும் அச்சகம் எங்காவது உண்டா? கேஷ் இல்லாத தளம் அதைத்தான் செய்கிறது.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 2001இல் பென் டிராட், மேனா டிராட் தம்பதி வெளியிட்ட மூவபிள் டைப் என்ற வலைப்பதிவு மென்பொருளில், கட்டுரையைப் பதிப்பிக்கும்போதே பக்கங்கள் கோப்புகளாக எழுதப்பட்டுவிடும். வாசகருக்குப் போவது தயாராக இருக்கும் கோப்பு. காத்திருக்க வேண்டியவர் எழுதுகிறவர்தான். தளத்தின் வடிவத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் பழைய பக்கங்கள் அத்தனையையும் திரும்ப எழுதவேண்டும். ஆயிரக்கணக்கில் பக்கம் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய பாடு. 2003இல் மேட் மல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கிய வேர்ட்பிரஸ் அந்தக் காத்திருப்பை ஒழித்தது. பொத்தானை அழுத்தினால் உடனே வெளியீடு. அடுத்த ஆண்டு மூவபிள் டைப்பின் உரிம விதிகள் மாறியதும் பலர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். ஆனால் சுமை எங்கும் போய்விடவில்லை. எழுதுகிறவர் தலையிலிருந்து இறங்கி, வாசிக்க வருகிறவர் ஒவ்வொருவர் தலையிலும் ஏறிக்கொண்டது.

ரிக்கார்டோ கால்லியின் 'டபிள்யூபி-கேஷ்', அதை வைத்து 2007இல் டானகா ஓ கீவ் உருவாக்கிய 'சூப்பர் கேஷ்' போன்றவை இந்தச் சிக்கலுக்குத்தான் வழி கண்டன. முதல் ஆள் வரும்போது பக்கத்தைத் தயாரித்து ஒரு கோப்பாக எழுதிவைத்துவிடுவது. சூப்பர் கேஷில், அடுத்து வருகிறவர்களுக்கு பி.ஹெச்.பி.யை எழுப்பாமலே வெப் சர்வர் அந்தக் கோப்பை நீட்டிவிடும்படியும் அமைக்கலாம். மூவபிள் டைப்பின் கோப்புதான், ஆனால் யாராவது கேட்ட பக்கம் மட்டும். இரண்டு முறையிலும் இருந்த நியாயத்தை எடுத்துக்கொண்ட அழகான தீர்வு இது என்பேன்.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு இதில் கூடுதல் ஆதாயம் உண்டு. யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். மொத்தம் 15 பைட். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான் என்பதால் ஜிஜிப் என்ற சுருக்குமுறை அதை நன்றாகவே குறைத்துவிடும். அந்த வசதியை இயக்கினால் சூப்பர் கேஷ் சுருக்கிய பிரதியையும் கூடவே எடுத்துவைத்துக்கொள்ளும். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் ஊரிலிருந்து நீண்ட கட்டுரை படிக்கிறவருக்கு இது பெரிய உபகாரம்.

எல்லாத் தளத்திலும் முழுப் பக்கத்தை எடுத்துவைக்க முடியாது. 1999இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் தொடங்கிய லைவ்ஜர்னலில் ஒருவர் தன் நண்பர்கள் எழுதியதை ஒரே பக்கத்தில் பார்ப்பார். நண்பர்களுக்கு மட்டும் என்று பூட்டிய பதிவுகளும் அதில் வரும். ஆளுக்கொரு பக்கம் என்பதால் ஒருவருடைய பிரதியை இன்னொருவருக்குக் கொடுக்க வழியில்லை. 2003இல் அவர் எழுதிய மெம்கேஷ்டி, பக்கத்தை விட்டுவிட்டுத் துண்டுகளை வைத்துக்கொண்டது. பல சர்வர்களில் சும்மா கிடந்த ரேமை எல்லாம் சேர்த்து ஒரே சேமிப்பிடம்போல் ஆக்கினார். எந்தத் துண்டு எந்த இயந்திரத்தில் என்பதை அதன் பெயரை வைத்தே கணக்கிட்டுவிடலாம். டிஸ்க் முள் நகர்ந்து தகவலைத் தேட சுமார் 10 மில்லிவிநாடி என்றால், ரேமுக்கு அதில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம்தான். விக்கிப்பீடியா, ஃபேஸ்புக் எல்லாம் பிற்பாடு இதை எடுத்துக்கொண்டன.

மெம்கேஷ்டியில் எனக்கு மிகப் பிடித்தது, அது எதற்கும் உத்தரவாதம் தராதது. இடம் நிறைந்தால் வெகுநேரம் யாரும் தொடாத துண்டைத் தூக்கிப் போட்டுவிடும். ஒரு இயந்திரம் அணைந்தால் அதிலிருந்தது போயிற்று. போகட்டும், மூலம் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கிறது. தொலைந்தால் நஷ்டம் வரக்கூடிய எதையும் கேஷில் மட்டும் வைக்கக்கூடாது என்பதை நான் எந்தத் தளத்திலும் விட்டுக்கொடுப்பதில்லை.

எடுத்துவைப்பது சுலபம். எப்போது எறிவது என்பதில்தான் தலைவலி. ஒரு கட்டுரையைத் திருத்தினால் அந்தப் பக்கம் மட்டும் பழசாவதில்லை. முகப்பு, பிரிவுப் பக்கம், ஆசிரியர் பக்கம், ஆர்.எஸ்.எஸ். ஓடை எல்லாமே பழசாகின்றன. அதற்காக மொத்தத்தையும் ஒரேயடியாக அழித்தால், கூட்டம் நிற்கிற நேரத்தில் நூறு பேர் ஒரே பக்கத்துக்கு வந்து, நூறு பேருக்கும் சர்வர் தனித்தனியாகத் தயாரிக்க ஆரம்பித்து மூச்சுத்திணறும். ஒரு ஆளுக்கு மட்டும் புதிதாகத் தயாரித்து, அதுவரை மற்றவர்களுக்குப் பழைய பிரதியைக் கொடுப்பதே நல்ல ஏற்பாடு. சிறுகதைப் பக்கம் ஒரு நிமிடம் பழசாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

அஞ்சலிக் குறிப்பு அப்படியல்ல. ஒரு சிற்றிதழ் ஆசிரியர் ஒருமுறை இரவு கூப்பிட்டார். "பேரைத் திருத்திட்டேங்க, சி.டி.என்.லயும் கேஷைக் காலி பண்ணிட்டேன். இன்னும் பழைய பேரே வருது. வீட்டுக்காரங்க போன் பண்றாங்க."

"நீங்க செஞ்சது சரிதாங்க சார், வரிசைதான் மாறிப்போச்சு" என்றேன். திருத்தம் டேட்டாபேஸில் இருந்தது. பிளகின் வைத்திருந்த கோப்பு பழசு. வெளியே, வாசகருக்கு அருகில் பிரதிகளை வைத்துக் கொடுக்கும் சி.டி.என். காலியானதும் அடுத்த வாசகருக்காக உள்ளே வந்து கேட்டிருக்கிறது. பழைய கோப்பையே வாங்கிக்கொண்டு போய்ப் புதிது என்று வைத்துக்கொண்டது. உள்ளிருந்து வெளியே போகவேண்டும்: முதலில் ரேமில் இருக்கும் துண்டுகள், அடுத்து பிளகினின் கோப்புகள், அதற்கப்புறம்தான் சி.டி.என். அந்த வரிசையில் செய்ததும் பெயர் சரியாக வந்தது.

கடைசி அடுக்கு வாசகரின் போனுக்குள் இருக்கிறது. அதை எட்டி அழிக்க நம்மால் முடியாது. அதனால் கட்டுரைப் பக்கம் என்றால் ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேட்டுக்கொள் என்று பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுகிறேன். படங்களையும் எழுத்துருக்களையும் வேண்டுமானால் ஒரு வருடம் வைத்துக்கொள்ளட்டும்.