பிள்ளைகள் பார்க்கும் நாடகம்

நாம் வரவேற்பறையில் தமிழ்த் தொடர் பார்க்கையில், பிள்ளைகள் தங்கள் அறையில் என்ன பார்க்கிறார்கள்? 2017 மார்ச் இறுதியில் நெட்பிளிக்ஸில் வெளியான ‘தேர்ட்டீன் ரீசன்ஸ் வை’ தொடரில், உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு மாணவி, காரணமானவர்களுக்கு ஒலிநாடாக்கள் விட்டுச் செல்கிறாள். இறந்த பின்னும் பேசுகிறாள், எல்லோரும் வருந்துகிறார்கள். ஆபத்து இங்கேதான் என்பது எமது எண்ணம். நிஜத்தில் அந்த வருத்தத்தைப் பார்க்க அவள் இருக்கமாட்டாள்.

அடுத்த மாதம் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதினரிடையே தற்கொலை விகிதம் சுமார் 29 சதவீதம் உயர்ந்ததாக 2019இல் வெளியான ஆய்வு கூறியது. நாடகமே காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆயினும் அவள் இறக்கும் காட்சி 2019 ஜூலையில் நீக்கப்பட்டது.

தடுத்தால் நண்பர் வீட்டில் பார்ப்பார்கள். கூட இருந்து பாருங்கள். “உனக்கும் சாகவேண்டும் என்று தோன்றியதுண்டா?” என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. “ஓம்” என்றால் ஏசாதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றே குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் அவசர சேவையை உடனே அழையுங்கள்.